எழும்பூர்ல ஏறி தனுஷ்கோடி வரைக்கும்: போட் மெயில் போன வழி

முதல் நாள், வெள்ளி ராத்திரி

அப்பர் பெர்த்ல படுத்துக்கிட்டே போன்ல தட்டிட்டு இருக்கேன், வண்டி ஆடுற ஆட்டத்துல எழுத்துப் பிழை வந்தா கண்டுக்காதீங்க. கீழ லோயர் பெர்த்ல அப்பா. வயசு 74. ரொம்ப நாளா "தனுஷ்கோடிய ஒரு தடவ பாத்துட்டு வந்துரணும்டா"ன்னு சொல்லிட்டே இருந்தாரு, காருல போலாம்னா வேணாமாம், போட் மெயில்லதான் போகணுமாம். இப்ப அதுக்குப் பேரு ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ், ஆனா எங்க வீட்டுல யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்ல, போட் மெயில்தான்.

ராத்திரி ஏழு மணிக்கு மேல கிளம்புற வண்டிக்கு நான் மூணு மணிக்கே எழும்பூர்ல வந்து நின்னுட்டேன். அப்பா திட்டுனாரு. எனக்கு காரணம் இருந்துச்சு, இந்த ஸ்டேஷன்ல ஒரு இருநூறு தடவையாச்சும் ஏறி இறங்கியிருப்பேன், ஒரு தடவ கூட நின்னு தலையத் தூக்கிப் பாத்ததில்ல. எப்பவும் ஓட்டம்தான். பெட்டிய கிளாக் ரூம்ல போட்டுட்டு எதிர்ப்பக்கம் காந்தி இர்வின் ரோட்டுக்குப் போயி ஒரு டீக்கடை ஓரமா நின்னு பாத்தோம். முன்னாடி வேலை நடக்குது, தகரம் அடிச்சு பாதிய மறைச்சு வச்சிருக்காங்க, இருந்தாலும் மேல்பாதி தெரியுது.

சுமாரா 300 அடி நீளம். செங்காவி சிவப்பு, அதுல வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி வளைவுகள், நடுவுல பெரிய கும்மட்டம், ஓரத்துல சின்னச் சின்னதா குட்டிக் கும்மட்டங்க. தூரத்துல இருந்து பாத்தா ஏதோ நவாப் அரண்மனை. கிட்டப் போனாதான் விஷயம் மாறுது. போர்ட்டிகோல கருங்கல் தூண் இருக்குல்ல, அதோட தலைப்பகுதியப் பாருங்க, நம்ம கோயில் மண்டபத்துல இருக்குற மாதிரி போதிகை வச்சு செதுக்கியிருக்காங்க. கீழ கோயில், மேல மசூதி, நடுவுல வெள்ளைக்காரன் போட்ட பிளான். இந்தோ-சாரசெனிக்னு இதத்தான் சொல்றாங்க. ஒரு கிரானைட் தூண்ல கைய வச்சுப் பாத்தேன், இடுப்பு உயரத்துல மட்டும் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு, நூறு வருசத்துக்கு மேல அதுல சாஞ்சு நின்னவங்க முதுகுதான் பாலிஷ் போட்டிருக்கு. அதுக்குக் கீழ வெத்தலைக் கறை. அதுவும் பாரம்பரியம்தான்னு வச்சுக்கலாம்.

டிசைன் பண்ணவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனை இவரோடது, சிம்லால வைஸ்ராய் இருந்த மாளிகை இவரோடது, நம்ம ஹைகோர்ட்ட முடிச்சுக் குடுத்ததும் இவர்தான். இங்க இருந்து நடந்தா பாந்தியன் ரோட்ல மியூசியம் காம்பவுண்டுக்குள்ள இளஞ்சிவப்புக் கல்லுல ஒரு கட்டடம் நிக்கும், நேஷனல் ஆர்ட் கேலரி, அதுவும் இவர் கைவண்ணம்தான். கட்டிக் குடுத்த கான்ட்ராக்டர் பெங்களூர் சாமிநாத பிள்ளை. 1905ல ஆரம்பிச்சு 1908 ஜூன் 11ம் தேதி திறந்தாங்க, செலவு 17 லட்சம். இன்னைக்கு அந்தக் காசுல எழும்பூர்ல ஒரு கார் பார்க்கிங் கூட வாங்க முடியாது.

ஒரு சின்ன விஷயம். ரோட்டுப் பேரு காந்தி இர்வின் ரோடு, அதனால ஸ்டேஷன் கட்டுன இர்வின் பேருதான் ரோட்டுக்கும் வச்சிருக்காங்கன்னு ரொம்ப பேரு நினைச்சுட்டு இருக்காங்க. நானும் காலேஜ் முடிக்கிற வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன். ரோட்டு இர்வின் வேற, அவரு 1931ல காந்திகூட ஒப்பந்தம் போட்ட வைஸ்ராய் இர்வின் பிரபு. ஸ்டேஷன் இர்வின் இன்ஜினியர். ரெண்டு இர்வினும் இருபதடி ரோட்ட வச்சுக்கிட்டு எதிரும் புதிருமா நிக்கிறாங்க.

இந்த இடத்துக்கும் கதை இருக்கு. முன்னாடி இங்க கிழக்கிந்தியக் கும்பினிக்காரங்க வச்சிருந்த சின்னக் கோட்டை ஒண்ணு இருந்துச்சு, ஜார்ஜ் கோட்டைக்கு வேண்டிய வெடிமருந்த எல்லாம் இங்க வச்சிருந்தாங்க. ஸ்டேஷன் கட்டுறதுக்கு முன்னாடி நிலத்துல ஒரு பகுதி டாக்டர் புல்னி ஆண்டிங்கிறவர் கையில இருந்துச்சு, இங்கிலாந்து பக்கம் போய் டாக்டர் பட்டம் வாங்குன முதல் இந்தியர்கள்ல ஒருத்தர். அவருக்கு விக்க மனசே இல்ல, கடைசில ஒரு லட்சத்துக்குக் குடுத்தாராம்.

சரி, ஒரு மைல் தள்ளி சென்ட்ரல் இருக்கும்போது இன்னொரு பெரிய ஸ்டேஷன் எதுக்குன்னு அப்பாகிட்ட கேட்டேன் (எனக்குத் தெரியும், அவர் சொல்லிக் கேக்கணும்னு). "தண்டவாளம் வேறடா" அப்படின்னாரு, அவ்ளோதான். அதான் விஷயம். சென்ட்ரல் பிராட் கேஜ் (அகலத் தண்டவாளம்), வேற கம்பெனி. எழும்பூர் சவுத் இந்தியன் ரயில்வேயோட வாசல், தலைமை ஆபீஸ் திருச்சில, இங்க இருந்து கிளம்புற லைன் பூரா மீட்டர் கேஜ் (அதவிடக் குறுகலான தண்டவாளம்). அந்த வண்டி இங்க வராது, இந்த வண்டி அங்க போகாது. மெட்ராஸ்ல இருந்து தெக்க போகணும்னா, கும்பகோணமோ மதுரையோ கொழும்போ, எல்லாரும் இந்த வாசல் வழியாத்தான் போகணும். ஆமா, கொழும்பு. அதனாலதான் இந்தக் கும்மட்டமும் பவிசும்னு எனக்குத் தோணுது. வெறும் விழுப்புரத்துக்கு வண்டி விடுறதுக்கு யாரும் 17 லட்சம் செலவு பண்ண மாட்டான்.

1951 ஏப்ரல்ல எல்லா கம்பெனியும் சேத்து சதர்ன் ரயில்வே ஆனது. "எனக்கும் சதர்ன் ரயில்வேக்கும் ஒரே வயசு, அதுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கிறாங்க"ன்னு அப்பா சொன்னத பக்கத்து சீட்டு அம்மா கேட்டுட்டு சிரிச்சாங்க.

உள்ள பிளாட்பாரத்துல ரொம்ப நேரம் நின்னோம். கூரை இரும்பு, உயரம். முந்தி பிளாட்பாரம் வரைக்கும் நேரா கார்லயே வந்து இறங்கலாம், பெட்டிய டிக்கில இருந்து எடுத்து அப்படியே ரயில் பெட்டிக்குள்ள வைக்கலாம், சின்ன வயசுல நானே பாத்திருக்கேன். மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் வண்டி தாம்பரத்துக்கு ஓடுனது 1931ல இருந்து, அது நின்னது 2004ல. அந்தக் குட்டி வண்டில ஜன்னலோரம் உக்காந்தா காத்து மூஞ்சில அறையும், இப்ப இருக்குற வண்டில அந்த சுகம் இல்ல (வயசாகிட்டே வருதுங்கிறதுக்கு இதுதான் அடையாளம்).

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சென்ட்ரல்னா மணிக்கூண்டு, ஊருல இருந்து யாரு பஞ்சம் பொழைக்க வந்தாலும் சினிமால அங்கதான் இறக்கி விடுவாங்க. எழும்பூர யாரும் கண்டுக்கல. ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா அழகு இதுதான். சண்டைக்கு வரவங்க வரலாம்.

அப்பா குறட்டை விட ஆரம்பிச்சுட்டாரு. கட்டிக்கிட்டு வந்த புளியோதரை தீந்துருச்சு. திருப்பாதிரிப்புலியூர் தாண்டியாச்சு. மிச்சம் நாளைக்கு.

ரெண்டாம் நாள், சனி

விடிகாலைல யாரோ கால சுரண்டுறாங்க, முழிச்சுப் பாத்தா அப்பா. "எறங்கு, ரஸ்தா வருது". தேவகோட்டை ரஸ்தா. எங்க ஊருக்கு இங்கதான் இறங்கணும், இருட்டுல ஒரு மஞ்சள் போர்டு, ரெண்டு லைட்டு, ஒரு நாய், வண்டி நிக்கவே இல்ல, பர்ருனு போயிருச்சு. அதப் பாக்க என்னைய எழுப்பிட்டாரு. அப்புறம் தூக்கம் வரல, கதவோரமா நின்னு பேசிட்டு வந்தோம்.

எங்க தாத்தா கொழும்புல புறக்கோட்டைல ஒரு ஜவுளிக்கடைல கணக்குப்பிள்ளையா இருந்தவரு. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ வருவாரு. 1960ல அவரக் கூப்பிட சித்தப்பாகூட அப்பா தனுஷ்கோடி வரைக்கும் போயிருக்காரு, அப்ப ஒன்பது வயசு. அவருக்கு ஞாபகம் இருக்கறது மூணே மூணு: கப்பல் புகை, கஸ்டம்ஸ்காரன் தாத்தாவோட டிரங்குப் பெட்டியக் கவுத்துக் கொட்டுனது, அதுல இருந்து உருண்டு ஓடுன ஒரு டார்ச் லைட்டு. அந்த டார்ச் இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு, எரியாது.

போட் மெயில்னு பேரு வந்ததே இதனாலதான. ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போகும், அங்க கப்பல் காத்திருக்கும், பாக் ஜலசந்தியத் தாண்டி தலைமன்னார்ல இறக்கிவிடும், அங்க சிலோன் ரயில் நிக்கும், ஏறுனா கொழும்பு. மெட்ராஸ்ல எடுத்த ஒரே டிக்கெட்டு. 1914க்கு முன்னாடி தூத்துக்குடில இருந்து கப்பல் ஏறி ராப்பூரா கடல்ல கிடந்து வாந்தி எடுத்துட்டுப் போகணும். 1914 பிப்ரவரி 24ல பாம்பன் பாலம் திறந்ததும் கடல் தூரம் முப்பத்தஞ்சு கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிருச்சு. இன்னொண்ணு, நாங்க வந்த இந்த புதுக்கோட்டை, காரைக்குடி லைன் அப்ப கிடையாது, 1930 வாக்குலதான் வந்துச்சு. ஆரம்பத்துல போட் மெயில் மதுரைய சுத்திக்கிட்டுதான் மானாமதுரைக்கு வந்திருக்கு.

கப்பல்ல போனவங்க எல்லாம் எங்க தாத்தா மாதிரி கணக்குப்பிள்ளைங்க இல்ல. தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன ஆயிரக்கணக்கான ஜனம் இதே லைன்லதான் போச்சு. மண்டபத்துல அவங்கள எறக்கி, சோதிச்சு, நோய் இல்லன்னு பாத்தப்புறம்தான் கப்பலுக்கு அனுப்புவாங்க. மண்டபம் கேம்ப்னு இன்னைக்கும் சொல்றோம்ல, அந்த கேம்ப் இதுதான். எழும்பூர் கும்மட்டத்துக்குக் கீழ ஃபர்ஸ்ட் கிளாஸ் துரை ஏறுனாரு, அதே கம்பெனிக்காரன் தண்டவாளத்துல இவங்களும் வந்தாங்க.

பாம்பன் வந்ததும் வண்டில இருந்த மொத்த கூட்டமும் ஒரே பக்கமா வந்து ஜன்னல்ல ஒட்டிக்கிச்சு. இப்ப வண்டி போறது புதுப் பாலத்துல, 2025 ஏப்ரல் 6ல திறந்தது, நடுவுல 72.5 மீட்டர் நீளத்துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேல போகும். நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா பக்கத்துல நிக்குது பாருங்க பழைய கிழவன், அதுல இருந்து கண்ண எடுக்க முடியல. ஷெர்சர் டைப் தூக்குப் பாலம், ரெண்டு கை கும்பிட்டத பிரிக்கிற மாதிரி நடுவுல பிளந்து ரெண்டு பக்கமும் மேல எந்திரிக்கும், மோட்டார் கிடையாது, ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கைப்பிடியப் பிடிச்சு சுத்தணும். நூறு வருசத்துக்கு மேல ஆளுங்க சுத்தியே கப்பல் போச்சு. 2022 டிசம்பர்ல அதுல வண்டி நிறுத்துனாங்க. உப்புக்காத்துல இரும்பு செதில் செதிலா உரிஞ்சு நிக்குது.

அப்பா பாலத்தப் பாக்கல, தண்ணியப் பாத்துட்டு இருந்தாரு. கேட்டா, "அப்ப கதவத் திறந்து வச்சா சித்தப்பா அடிப்பாரு"ன்னு மட்டும் சொன்னாரு.

ராமேஸ்வரத்துல ரூம், குளியல், கோயில், கூட்டம். இதப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு, நான் வேற எதுக்கு. ஒரு ஆட்டோக்காரர் தனுஷ்கோடி போய் வர சொன்ன ரேட்டக் கேட்டு அப்பா "தலைமன்னாருக்கே போயிரலாம்"னாரு. நாளைக்கு டவுன் பஸ்தான்.

மூணாம் நாள், ஞாயிறு

மொதல்ல ஒரு விஷயத்தக் கவனிங்க, நேத்து எழுதாம விட்டது. முன்னாடி ராமேஸ்வரம்தான் கிளை, தனுஷ்கோடிதான் மெயின் லைன். பாம்பன்ல இருந்து வண்டி நேரா தனுஷ்கோடிக்குப் போகும், கோயிலுக்குப் போறவங்களுக்கு தனியா ஒரு லைன் பிரியும். இப்ப கிளை மிச்சம் இருக்கு, மரத்தக் காணோம்.

பஸ் அரிச்சல்முனை வரைக்கும் போகுது, 2017ல போட்ட ரோடு. ரெண்டு பக்கமும் கடல், அந்தப் பக்கம் குளம் மாதிரி அமைதி, இந்தப் பக்கம் அலை. நாங்க முனைக்குப் போகல, கண்டக்டர்கிட்ட சொல்லி பழைய ஊர்ல இறங்கிட்டோம். எல்லாரும் சர்ச்சப் பாத்துட்டு செல்ஃபி எடுத்துட்டுப் போறாங்க. பவளப்பாறைக் கல்ல வெட்டிக் கட்டுன சுவரு, கிட்டப் போய்ப் பாத்தா கல்லுக்குள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா தெரியும், ஒரு காலத்துல உயிரோட கடலுக்குள்ள இருந்த கல்லுங்க. கூரை இல்ல.

ஸ்டேஷன் எங்கன்னு கேட்டா ஒரு சங்கு விக்கிற அக்கா கையக் காட்டுனாங்க. போனா அவ்ளோதான் இருக்கு: ரெண்டு மூணு சுவரு, ஜன்னல் இருந்த இடத்துல ஓட்டை, ஒரு வளைவு, காலடில மணல். கும்மட்டம் இல்ல, போதிகை இல்ல, அதெல்லாம் இங்க எப்பவுமே இருந்திருக்காது, சாதாரண லைன் ஸ்டேஷன்தான். ஆனா ஒரு துறைமுகம், கஸ்டம்ஸ், போஸ்டாபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு முழு ஊரு இத ஒட்டி இருந்துச்சு. எழும்பூர்ல அந்த பவிசோட கிளம்புற லைனுக்கு இந்தப் பக்கம் கடைசிக் கதவு இது.

1964 டிசம்பர் 22 ராத்திரி 11.55க்கு பாம்பன்ல இருந்து 653ம் நம்பர் பாசஞ்சர் கிளம்புச்சு, 110 பயணிங்க, அஞ்சு ரயில்வே ஆளுங்க. தனுஷ்கோடிக்குக் கிட்ட வந்தப்ப சிக்னல் இல்ல, புயல்ல எல்லாம் அணைஞ்சு கிடக்கு. டிரைவர் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாத்துட்டு, நீளமா விசில் குடுத்துட்டு மெதுவா வண்டிய எடுத்திருக்காரு. அலை வந்து மொத்த வண்டியையும் சுருட்டிருச்சு. யாரும் மிஞ்சல. அந்தப் பக்கம் பூரா சேத்து 1800 பேருக்கு மேல செத்துட்டாங்கன்னு கணக்கு. அப்புறம் அரசாங்கம் இந்த ஊர் வாழ லாயக்கில்லன்னு அறிவிச்சுருச்சு. பாம்பன் பாலத்த மட்டும் ஸ்ரீதரன்ங்கிற இளம் இன்ஜினியர் 46 நாள்ல நிமித்திட்டாரு (பின்னாடி மெட்ரோ ஸ்ரீதரன் ஆனாரே, அவரேதான்), தனுஷ்கோடி லைன் கைவிட்டதுதான். கப்பல் கொஞ்ச காலம் ராமேஸ்வரத்துல இருந்து ஓடுச்சு, இலங்கைச் சண்டை வந்தப்ப அதுவும் போச்சு. 2019ல திரும்பவும் 17.2 கிலோமீட்டர் லைன் போடுறோம்னு அடிக்கல் நாட்டுனாங்க. கல்லு நட்டதோட சரி.

அப்பா சுவத்துல கைய வச்சு நின்னாரு. அப்புறம் அந்தச் சங்கு அக்காகிட்ட "இதும்மா டிக்கெட் குடுக்குற இடம், கஸ்டம்ஸ் அந்தப் பக்கம்ல"ன்னு ஆரம்பிச்சாரு. அந்தக்கா "இல்லங்கய்யா, இதுதான் ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்னு எங்க மாமனாரு சொல்லுவாரு, அவரு இங்கயே பொறந்தவரு"ன்னாங்க. இவரு ஒரு நாள் பாத்தவரு, அவங்க சொல்றது பொறந்தவர் சொன்னது. பத்து நிமிசம் ரெண்டு பேரும் மணல்ல குச்சியால கோடு கிழிச்சு கிழிச்சு சண்டை போட்டாங்க, எஞ்சின் இங்க நிக்கும், கப்பல் அங்க நிக்கும்னு. நான் நடுவுல எதுவும் பேசல. கடைசில அக்கா தண்ணி குடுத்தாங்க, கடலுக்கு நூறு அடி தள்ளி மணல்ல கையால தோண்டுன ஊத்து, குடிச்சா தேங்காத்தண்ணி மாதிரி. உப்பே இல்ல. சுத்தியும் கடல வச்சுக்கிட்டு இது எப்படின்னு எனக்கு இன்னும் அதிசயம்தான்.

அங்க ஓடுன கப்பல் ரெண்டோட பேரச் சொல்லிடுறேன். ஒண்ணு கோஷன், அந்தக் கால மெட்ராஸ் கவர்னர் பேரு. இன்னொண்ணு இர்வின்! பஸ்ல வரும்போது இது ஞாபகம் வந்ததும், ஆகா ஸ்டேஷன் கட்டுன மனுசன் பேர கப்பலுக்கும் வச்சிருக்கான் கம்பெனின்னு ஒரு பத்து நிமிசம் நெஞ்ச நிமித்திக்கிட்டு அப்பாகிட்ட விளக்கம் வேற குடுத்தேன். அப்புறம் வருசத்த யோசிச்சா, கப்பல் 1929 வாக்குல வந்தது, கூட இருக்குறது கவர்னர் பேரு, அப்ப இது வைஸ்ராய் இர்வின். ரோட்டு இர்வின்தான் கப்பல் இர்வின். ஸ்டேஷன் இர்வினுக்கு ஒண்ணும் கிடைக்கல. பாவம்.

திரும்பிப் போற பஸ் விசில் அடிச்சு அடிச்சு எங்களக் கூப்பிட்டுச்சு. அப்பாவால மணல்ல வேகமா நடக்க முடியல.

நாலாம் நாள், திங்கள் காலைல

வேலைக்குப் போகணும், சுருக்கமா. வண்டி எழும்பூர்ல வந்து நின்னப்ப நல்லா விடிஞ்சிருந்துச்சு. நான் பெட்டியத் தூக்கிட்டு ஓட்டமும் நடையுமா வெளிய வந்து திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். போன் எடுக்கல. ஒரு நிமிசம் வயிறு கலங்கிருச்சு. திரும்ப உள்ள போய்த் தேடுனா, முன்பக்க ஹால்ல ஒரு தூணுக்குக் கீழ செருப்பக் கழட்டி வச்சுட்டு நிக்கிறாரு, கழுத்த வளைச்சு மேல பாத்துக்கிட்டு, ஒரு கைல பேப்பர் கப்புல காபி.

"என்னப்பா?"

"அன்னைக்கு தாத்தாவ கூட்டிட்டு ரஸ்தாலயே இறங்கிட்டோம். அவரு இந்த ஸ்டேஷன பாத்ததே கிடையாதுடா, ஒரு தடவ கூட. மெட்ராஸுக்கு வந்ததே இல்ல."

எனக்கும் ஒரு காபி வாங்கிக் குடுத்தாரு. சக்கர ஜாஸ்தி.